சந்தைக்கு வரும் வழியில் நிற்பவர்கள்

மைக்ரோசாஃப்ட், கூகுள் மீதான வழக்குகள் பேசப்படும்போதெல்லாம் நம் சகோதரர்கள் சிலர், "அறிவாலும் உழைப்பாலும் வளர்ந்தவனைத் தண்டிப்பது என்ன நீதி?" என்று கேட்கின்றனர். மார்க்கம் வணிகத்தை அனுமதித்திருக்கிறது, நபி (ஸல்) அவர்கள் விலை நிர்ணயம் செய்ய மறுத்தார்கள் என்று ஆதாரமும் காட்டுகின்றனர். ஆதாரம் சரியானதே. ஆனால் அது பாதி.

விலையில் தலையிட மறுத்த அதே நபியவர்கள், சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தையை அடையுமுன் வழியில் எதிர்கொண்டு வாங்குவதைத் தடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற தடை இது. பதுக்கலையும் கண்டித்தார்கள். சந்தையில் விலை தானாக அமையட்டும் என்றால், சந்தைக்கு வரும் வழி திறந்திருக்க வேண்டும். பெரிதாக வளர்வது குற்றமன்று. வழியை அடைப்பதே குற்றம்.

மைக்ரோசாஃப்ட் செய்தது என்ன? 1994இல் அமெரிக்க அரசு தலையிடும்வரை, கணினி தயாரிப்பாளர்கள் பலர் தாங்கள் விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் அந்நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்த ஒப்பந்தம் செய்திருந்தனர். வேறொருவரின் இயங்குதளத்தை நிறுவி விற்றாலும் கட்டணம் உண்டு. விற்காத சரக்குக்கு விலை! பின்னர் நெட்ஸ்கேப் உலாவி செல்வாக்குப் பெற்றது. மென்பொருள்கள் உலாவியின் மீதே இயங்கத் தொடங்கினால் விண்டோஸின் தேவை குறையும் என்று மைக்ரோசாஃப்ட் அஞ்சியது. தன் உலாவியை விண்டோஸோடு பிணைத்தது. அதன் சின்னத்தைத் திரையிலிருந்து நீக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தியது.

"இலவசமாகத்தானே கொடுத்தார்கள், யாருக்கு நட்டம்?" என்பது அடுத்த கேள்வி. வழிமறித்து வாங்கியவரும் கிராமத்து வணிகருக்கு அலைச்சல் மிச்சம் என்றே சொல்லியிருப்பார். (பெருநிறுவனம் அநீதி இழைத்தது என்பதால் திருட்டுப் பிரதி ஹலாலாகிவிடாது, அது தனி விவாதம்.)

1998இல் தொடுக்கப்பட்ட வழக்கில், நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு 2000இல் நீதிபதி ஜாக்சன் ஆணையிட்டார். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. "வழக்கே தோற்றது" என்போர் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவை அதே நீதிமன்றம் உறுதிசெய்ததை ஏனோ சொல்வதில்லை.

இன்று அந்த வழியில் நிற்பது வேறொருவர். தன் தேடுபொறியே கருவிகளில் முதலில் தோன்ற வேண்டும் என்பதற்காக, 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 2,600 கோடி டாலருக்கு மேல் செலுத்தியது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. தேடலில் அது சட்டவிரோத ஏகபோகம் நடத்தியதாக 2024 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. ஆண்ட்ராய்டு விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2022இல் ₹1,337.76 கோடி அபராதம் விதித்தது.

இவற்றைப் பொறாமையின் விளைவு என்று ஒதுக்கும் சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறோம்: "புதிதாகக் கடை திறந்தவனுக்குச் சரக்கு கொடுத்தால் உன்னிடம் இனி வாங்க மாட்டோம்" என்று மொத்த வியாபாரியை மிரட்டும் பழக்கம் உங்கள் கடைத்தெருவில் இருந்தால், அதற்கும் இதே தீர்ப்பைத்தான் சொல்வீர்களா?