கதவுகள் அடைபட்ட நாள்களில்



வாடிப்பட்டி வட்டாரத்து உழவருக்கு நாம் புதிதாக ஒன்றைக் கற்பிக்க வேண்டியதில்லை. பேரணையிலிருந்து பெரியாற்றுக் கால்வாயில் உரிய காலத்தில் தண்ணீர் வரும் ஆண்டில் அவர் நாற்றுப் பாவுகிறார். தண்ணீர் பிந்தும் ஆண்டிலோ திண்ணையில் குந்திவிடுவதில்லை. குறைந்த ஈரத்தில் விளையும் உளுந்தையோ சோளத்தையோ விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து நோக்குகிறார். விதைப்பது அவருடைய அறிவு. அண்ணாந்து நோக்குவது அவருடைய நம்பிக்கை. இவ்விரண்டும் ஒன்றையொன்று பகைப்பதில்லை. திருச்சபையின் பணிக்கும் இதுவே இலக்கணம் என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25, மரியன்னைக்கு வானதூதர் மங்கள வார்த்தை உரைத்த திருநாள். அன்றுதான் கொரோனா நோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. குருத்து ஞாயிறும் பெரிய வெள்ளியும் பூட்டிய கோவில்களுக்குள் கடந்தன. ஏப்ரல் 12-இல் உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியை மக்களின்றிக் குருக்கள் நிறைவேற்றினர். செப்டம்பர் 1 முதல் தமிழகத்தின் எல்லா வழிபாட்டு இடங்களையும் திறக்க அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு ஏப்ரல் 26 முதல் அவை மக்களுக்கு மீண்டும் அடைபட்டன. ஜூலை 5-இல் மறுபடியும் திறந்தன.

கதவுகள் திறந்துவிட்டன. ஆனால் சில உள்ளங்களில் ஒரு பூட்டு இன்னும் தொங்குகிறது. அந்நாள்களில் பெற்றோரை இழந்தவர்கள் இன்றும் நம்மிடம் வந்து, “சாமி, எங்கள் அப்பாவுக்குப் பாவசங்கீர்த்தனம் இல்லை, நன்மை இல்லை, அவஸ்தைப் பூசுதலும் இல்லை. முகத்தைக்கூட நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. அவருடைய ஆன்மா என்ன ஆயிருக்கும்?” என்று கேட்கிறார்கள்.

அவர்களுக்குத் திருச்சபை தெளிவான விடை தந்திருக்கிறது. 2020 மார்ச் 20-ஆம் நாள் உரோமைப் பாவமன்னிப்புத் துறை வெளியிட்ட ஆணை, அருட்சாதனங்களைப் பெற இயலாமல் மரிக்கும் தறுவாயில் இருப்போரை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைத்தது. அவர்கள் தக்க மனநிலையோடிருந்து, வாழ்நாளில் செபிக்கும் வழக்கம் உடையவராயிருந்தால், அவர்களுக்குப் பரிபூரண பலன் உண்டு என்றும், வழக்கமான நிபந்தனைகளின் குறையைத் திருச்சபையே நிறைவு செய்யும் என்றும் அறிவித்தது. கடவுள்மீது கொண்ட அன்பினால் பாவத்திற்காக வருந்துவதே உத்தம மனஸ்தாபம். வாய்ப்புக் கிடைத்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு அதைக் கொள்பவருக்குச் சாவான பாவமும் மன்னிக்கப்படும் என்பது பழைய போதனை. அருட்சாதனங்களை நிறுவிய இறைவன் அவற்றிற்குள் தம்மைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆகவே, நாள்தோறும் செபமாலை உருட்டிய உங்கள் தந்தை அனாதையாகச் செல்லவில்லை. குரு நுழைய முடியாத அறைக்குள் ஆண்டவர் நுழைந்தார் என்று நம்புங்கள்.

நம் மண்ணின் வரலாறும் இதற்குச் சான்று. 1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததையும், 1693-இல் புனித அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்தியதையும் நாம் அறிவோம். பின்னர் நேர்ந்த இருளைப் பலர் அறியார். 1759-இல் போர்த்துக்கல் அரசு தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து சேசு சபையினரை வெளியேற்றியது. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து அச்சபையையே கலைத்தார். மதுரை மிஷனில் முதிர்ந்த குருக்கள் ஒவ்வொருவராய் மறைந்தபோது, அவர்களுடைய இடத்திற்கு வருவோர் இல்லை. பாரிசு வேதபோதக சபையினரும் கோவாவிலிருந்து வந்த குருக்களும் இயன்றவரை உழைத்தனர். பரந்த நாட்டிற்கு அவர்கள் மிகச் சிலரே. 1838-இல் பெர்த்ராண்ட் அடிகளாரும் தோழர்களும் மிஷனை மீண்டும் தொடங்கும்வரை, இரண்டு தலைமுறைக்கு மேலாகப் பல ஊர்களில் குருவைக் காண்பதே அரிதாயிற்று.

அப்போது விசுவாசத்தைக் காத்தவர் யார்? உபதேசியார்களும், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்த தாய்மார்களுமே. சாகும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், இறப்போர் அருகில் செபிப்பதும் அவர்கள் பணியாயின. இப்பணியாளருக்கென்றே வீரமாமுனிவர் முன்னதாக ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் நூலை எழுதி வைத்திருந்தார். நல்ல காலத்தில் பயிற்சி பெற்றவர்களே கெட்ட காலத்தில் தாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். சப்பான் நாட்டிலும் இவ்வாறே நடந்தது. குருக்களின்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள், 1865-இல் நாகசாக்கிக் கோவிலில் பெத்தித்ழான் அடிகளாரிடம் தங்களை வெளிப்படுத்தினர். அவர்கள் வீடுகளில் ஞானஸ்நானம் நின்றுபோகவில்லை.

“எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார்” என்று கைகட்டி நிற்பது நம்பிக்கையன்று, சோம்பல். “எல்லாம் எம் ஏற்பாட்டில்தான் இருக்கிறது” என்று ஓடித் திரிவதும் பணியன்று, செருக்கு. புனித பவுல் சிறைப்பட்டபோது சபைகளைத் தேடிச் செல்ல முடியவில்லை. ஆகையால் திருமுகங்கள் எழுதினார். கால்கள் கட்டுண்டபோது அவர் எழுத்து நடந்தது. அவருடைய பயணம் நின்றதால் நமக்கு வேதம் கிடைத்தது.

ஆகவே, கதவு திறந்திருக்கும் இக்காலத்திலேயே ஒவ்வொரு குடும்பமும் மூன்றைக் கற்றுக்கொள்ளட்டும். முதலாவது, ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும் முறை: திருச்சபையின் கருத்தோடு, தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்க, தேவை நேரத்தில் எவருக்கும் உரிமை உண்டு. இரண்டாவது, மனஸ்தாப மந்திரத்தைச் சிறுவர் முதல் முதியோர்வரை மனப்பாடம் செய்வது; பாடுபட்ட சுரூபத்தை நோயாளியின் கையில் கொடுத்து, அவர் காதருகே அதைச் சொல்ல வீட்டில் ஒருவராவது துணிய வேண்டும். மூன்றாவது, அன்பியந்தோறும் படுக்கையில் கிடப்போர் யாரெனத் தெரிந்து, நினைவு தப்பும் முன்பே குருவை அழைப்பது. நள்ளிரவாயினும் தயங்காதீர்கள்; அதற்காகவே நாம் இங்கிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரடங்கில் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் திருப்பலி கண்டோம். நடக்க இயலாதவருக்கு இன்றும் அது ஆறுதலே. நடக்கக் கூடியவருக்கோ, பந்தியைப் பார்ப்பது பசி தீர்ப்பதாகாது. பஞ்ச காலத்துக் கஞ்சியை நன்றியோடு நினைப்போம். விளைச்சல் வந்தபின்னும் அதையே போதுமென்று இருந்துவிட வேண்டாம். அடுத்த ஞாயிறு உங்கள் இடம் வெறுமையாய் இராதிருக்கட்டும்.

இனி என்ன வரும் என்பதை நாம் அறியோம். வருவது எதுவாயினும், நம்முன் செல்பவர் யார் என்பதை அறிவோம். வாடிப்பட்டியில் வீற்றிருக்கும் ஆரோக்கிய அன்னை, துயருறும் குடும்பங்களைத் தம் மகனிடம் கொண்டு சேர்ப்பாராக.