ஆல்ப்ஸுக்கு வரலாறு தந்தது மலையேறிகள் அல்ல

ஆல்ப்ஸ் மலைகளை உள்ளூர் மக்கள் பேய்க்குப் பயந்து ஒதுக்கியிருந்தார்கள். 1857இல் லண்டனில் மலையேறிகள் சங்கம் தொடங்கி, 1865இல் எட்வர்ட் விம்பர் மேட்டர்ஹார்ன் உச்சியைத் தொட்ட பிறகே அங்கே மனித வரலாறு பிறந்தது. சுற்றுலாக் கையேடுகள் அலுக்காமல் சொல்லும் கதை இது. சான்றுகள் இதை ஏற்கவில்லை.

ஆள் நடமாட்டமே இல்லை என்பது முதல் வாதம். 2003 கோடை வெயிலில் சுவிஸின் பெர்ன், வலே மாநிலங்களுக்கு நடுவே 2,756 மீட்டர் உயரத்திலுள்ள ஷ்னிடெயோக் கணவாயில் பனித்திட்டு உருகியது. மரப்பட்டையில் செய்த வில்லுறை, அம்புகள், ஆட்டுத்தோல் கால்சட்டையின் பகுதி எல்லாம் வெளியே வந்தன. வில்லுறைக்கு வயது ஏறத்தாழ 4,800 ஆண்டு. வெண்கலக் கால ஊசியும் ரோமானியர் செருப்பாணிகளும் அங்கேயே கிடைத்தன. யாரோ ஒருவர் வழிதவறி வந்த இடமா அது? தலைமுறை தலைமுறையாக நடந்த பாதை!

வழிபாடு இல்லை என்பார்கள். இத்தாலிய எல்லையில் 2,469 மீட்டர் உயரத்திலுள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் பொயெனினுஸ் என்ற மலைத்தெய்வம் இருந்தது. ரோமானியர் வந்ததும் அதை யூப்பிட்டரோடு சேர்த்துக் கும்பிட்டார்கள். பத்திரமாகப் போய்வர வேண்டி நேர்ந்துகொண்டவர்கள் வைத்த வெண்கலத் தகடுகள் சுமார் 50 கிடைத்திருக்கின்றன. ஒன்றில் ஹெல்வெட்டிய இனத்து அடிமை வியாபாரி ஒருவனின் பெயர் பொறித்திருக்கிறது. இலங்கையின் ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வண்டி எடுக்காதவர்களுக்கு இந்தத் தகடுகளின் பொருளை விளக்கவே வேண்டாம்.

பயம் இருந்தது உண்மை. பிலாட்டுஸ் மலையில் ஏற முயன்ற பாதிரியார்களை 1387இல் லுசேர்ன் நகரம் சிறையில் அடைத்தது. ஆனால் அது நகரசபை போட்ட தடை. அதை வைத்து மலைவாசிகள் எல்லோரையும் கோழைகளாக்குவது நியாயமில்லை. விம்பரோடு உச்சி தொட்டவர்களில் சேர்மாட் ஊர் வழிகாட்டிகளான டவுக்வால்டர் தந்தையும் மகனும் உண்டு.

பழைய நினைவு அறுந்துவிட்டது என்பதும் பொய். அலெட்ச் பனியாறு வளர்ந்து ஊரை அழிக்கக் கூடாது என்று ஃபீஷ் மக்கள் 1678இல் நேர்ந்துகொண்டார்கள். 1862 முதல் ஆண்டுதோறும் ஊர்வலம் போனார்கள். இப்போது பனியாறு தேய்கிறது. வேண்டுதலை மாற்றி, பனி கரையக் கூடாது என்று மன்றாட அவர்கள் வாடிகனிடம் அனுமதி கேட்டு, 2010இல் பெற்றார்கள்.

உருகும் பனி சான்றுகளையும் கொண்டுபோகிறது. காற்றுப்பட்ட தோலும் மரமும் விரைவில் மட்கிவிடும். சுவிஸில் மலைநடை போகும் தமிழர்கள் பனி ஓரத்தில் அப்படி எதையாவது கண்டால் எடுத்து வராதீர்கள். படம் பிடித்து, இடத்தைக் குறித்து, அந்த மாநிலத் தொல்லியல் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.