"சேர், எழுதுங்களேன்" என்று சொன்னால் மட்டும் போதுமா?

 

ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் கண்டால் நாம் ஒன்று சொல்வோம்: "சேர், இப்ப நேரம் இருக்குதானே, தெரிஞ்சதை விக்கிப்பீடியாவில எழுதுங்களேன்." சொல்வது இலகு. எழுதப் போனால் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

முப்பது வருடம் படிப்பித்த ஒருவர் எமது ஊரைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துப் பாடசாலை எப்படித் தொடங்கியது, மாத்தளைக்கு முதல் பஸ் எப்போது ஓடியது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கைத்தொலைபேசியில் தட்டுகிறார். மறுநாள் பார்த்தால் எழுதியது இல்லை. "சான்று இல்லை" என்று ஒரு வரி மட்டும். வகுப்பில் யாரும் எதிர்த்துப் பேசாத மனிதர். திரும்ப அந்தப் பக்கம் போவாரா?

பெரிய எழுத்தாளர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ரோத், 2012இல், தனது 79ஆவது வயதில், தன் சொந்த நாவல் யாரை வைத்து எழுதப்பட்டது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் இருந்த தகவலைத் திருத்தக் கேட்டார். எழுதியவரின் சொல் மட்டும் போதாது, வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. அவர் 'நியூ யோர்க்கர்' இதழின் இணையத்தளத்தில் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

சான்று கேட்பது பிழை என்று நாம் சொல்லவில்லை. கேட்காவிட்டால் என்னவாகும் என்பதை வாட்ஸ்அப்பில் தினமும் பார்க்கிறோம். கேட்கும் விதம்தான் பிரச்சினை. புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்று விக்கிப்பீடியாவின் வழிகாட்டலிலேயே இருக்கிறது. இருந்தும், 2007க்குப் பிறகு ஆங்கில விக்கிப்பீடியாவில் தீவிரமாக எழுதுவோர் குறைந்ததை ஆராய்ந்தவர்கள், நல்ல மனதோடு வந்த புதியவர்களின் எழுத்து சட்டென்று நீக்கப்பட்டதை ஒரு முக்கிய காரணமாகக் காட்டினார்கள்.

வழி என்ன? முன்மாதிரி எமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2016இல் காலமான கண்டி உடத்தலவின்னை மர்ஹூம் பீ. எம். புன்னியாமீன், இலங்கை எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்களின் விபரங்களைத் திரட்டிப் பல தொகுதிகளாக அச்சிட்டார். தமிழ் விக்கிப்பீடியாவிலும் நிறைய எழுதினார். அவர் அச்சில் ஏற்றியதை இன்று எவரும் சான்றாகக் காட்டலாம்.

நாமும் செய்யலாம். சேர்மாரின் நினைவுகளை முதலில் பாடசாலை மலரிலோ பள்ளிவாசல், கோயில் சிறப்பு மலரிலோ அச்சேற்றுவோம். பழைய மலர்கள் அலுமாரியில் கிடந்தால், இணையத்தில் இலங்கைத் தமிழ் நூல்களைப் பாதுகாக்கும் 'நூலகம்' திட்டத்திற்குக் கொடுப்போம். அச்சில் ஒரு பக்கம் இருந்தால் பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும். எழுதியது நீக்கப்பட்டால் கோபித்துக்கொண்டு போகாமல், கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் காரணம் கேட்கலாம் என்பதையும் சொல்லிக் கொடுப்போம்.

சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு விரல் வேகம். அவர்களிடம் ஊரின் கதை. இரண்டும் ஒரே மேசையில் சேர வேண்டும்.

இனி "சேர், எழுதுங்களேன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகாமல், பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவோம், இன்ஷா அல்லாஹ்.