போர்க்களத்தை விலைக்கு வாங்கணுமா? குப்பைக்கூடையைக் கொஞ்சம் பாருங்க!

மினியேச்சர் போர் விளையாட்டு என்றாலே ‘அது காசு இருக்கிறவங்க பொழுதுபோக்கு’ என்று ஒதுங்கிவிடுகிறோம். வார்ஹாமர் பொம்மை வீரர்களின் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால், அவர்கள் சண்டை போடும் மலைக்கும் வீட்டுக்கும் பாலத்துக்கும்கூடப் பணத்தைக் கொட்டணுமா? தேவையே இல்லை என்பேன்.

1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதிய ஹெச்.ஜி.வெல்ஸ், மரக்கட்டைகளையும் தோட்டத்துச் சுள்ளிகளையும் வைத்துத்தான் ஊரும் காடும் அமைத்தார்.

டிவி பெட்டியில் வந்த தெர்மாகோல்தான் மலை. கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி அடுக்கினால் கூரை ஓடு. ஐஸ்குச்சிகள் பாலத்துப் பலகை. வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்து (ஈரம் இருந்தா பூஞ்சை பிடிச்சிடும்) ஃபெவிகால் மேல் தூவினால் காட்டுத்தரை. கடையில் விற்கும் பச்சைப்பொடியைவிட இது நிஜமா இருக்கும், டீத்தூளும் இலைதானே!

ஒன்று மட்டும் கவனம். தெர்மாகோல் மேல் நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சிடாதீங்க. அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துத் தின்றுவிடும். என் முதல் மலை பள்ளத்தாக்கு ஆனது அப்படித்தான். ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் கலந்து, இடுக்கு விடாமல் பூசி, முழுசா காயவிட்ட பிறகே மற்ற வண்ணங்கள். சூடான கம்பியால் வெட்டினால் ஜன்னலைத் திறந்து வைங்க, அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

காசு செலவழிக்கணும்னா கத்திக்குச் செலவழிங்க. மழுங்கின பிளேடு தெர்மாகோலைப் பிய்க்கும், விரலையும் விடாது.