அளந்த பிறகு கடைக்குப் போவோம்!

பழைய டிராக்டர் என்ஜினைப் பிரித்துக் கட்டும் பட்டறைகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜின் இறங்கிய அன்றே, "தம்பி, மாசே முப்பத்தஞ்சுக்கு ஒரு ஃபுல் செட் வாங்கிட்டு வா" என்று பையனைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். இது தலைகீழ் வேலை என்பது என் கட்சி.

மாசே பெர்குசன் 35-ன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் என்ஜினையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே மூலம் நம் வயல்களில் இறங்கிய வம்சம் இது. 3.152 என்ற பெயரில் 3 என்பது சிலிண்டர், 152 என்பது கன அங்குலம். போர் 91.44 மி.மீ., ஸ்ட்ரோக் 127 மி.மீ.; பெருக்கிப் பாருங்கள், சுமார் 2.5 லிட்டர் வரும். ஆனால் இதே 152-ல் சிலிண்டருக்குள் நேராக டீசல் பீய்ச்சும் ரகமும் உண்டு, தனி அறையில் பீய்ச்சும் ரகமும் உண்டு. இரண்டுக்கும் பிஸ்டன் தலை வேறு. டிராக்டர் பெயரை மட்டும் சொன்னால், கடையில் எது இருக்கோ அதுதான் வரும்! பிளாக்கில் அடித்த நம்பரைத் துடைத்துப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பேரிங் கதை இன்னும் மோசம். நாற்பது ஐம்பது வருஷ என்ஜினில் கிராங்க் ஏற்கெனவே ஒரு தடவை கிரைண்டிங் பார்த்திருக்கும். பத்து தவு, இருபது தவு, முப்பது தவு என்று அண்டர்சைஸ் பேரிங் கிடைக்கிறது, அதாவது 0.25, 0.50, 0.75 மி.மீ. எது வேண்டும் என்பது கிரைண்டிங் முடிந்து ஜர்னலை அளந்த பிறகுதான் தெரியும். இடைவெளி கூடினால் ஆயில் பிரஷர் விழும். குறைந்தால் பேரிங் பிடித்துக்கொள்ளும். ஜர்னல் ஓரத்து வளைவையும் பாருங்கள். அங்கே கூர்மூலை விட்டுவிட்டால் கிராங்க் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். புது பேரிங் அதைக் காப்பாற்றாது.

லைனர் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம் தேயும். தேய்மானம் அளவுக்குள் இருந்தால் ஹோனிங் போட்டு, ரிங் மட்டும் மாற்றினாலே போதும். குரோம் லைனரில் மட்டும் குரோம் ரிங் போடக்கூடாது. ரிங்கை போருக்குள் நேராக இறக்கி, ஃபீலர் கேஜால் வாய் இடைவெளி பார்க்காமல் பிஸ்டனில் ஏற்றவே வேண்டாம்.

"எல்லாம் கம்பெனி பார்ட்டுன்னா விவசாயி எங்கேப்பா போவார்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஹோஸ், ஆயில் சீல் போன்றவற்றில் நல்ல வெளி மார்க் தாராளமாகப் போடலாம். பிஸ்டன், ரிங், பேரிங், கனெக்டிங் ராடு போல்ட் நான்கிலும் அரை விலைச் சரக்கு வேண்டாம். நடவு நேரத்தில் வண்டி நின்றால் போவது அவருடைய ஒரு போகம்.

நம் மெட்ராலஜி லேபில் 50-75 மைக்ரோமீட்டரும் போர் கேஜும் ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் பெட்டியை விட்டு வெளியே வருகின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கிராங்கையும் பிளாக்கையும் கொண்டு வந்தால் நாமே அளந்து எழுதிக் கொடுக்கலாமே? பேரவை இதைத் துறைத்தலைவர் ஐயாவிடம் கேட்க வேண்டும். இறுதியாண்டு மெக்கானிக்கல் பிரிவில் யார் யார் வருகிறீர்கள்?