கறுப்புப் புகையே வராத பிஎஸ்-6 டீசல் பஸ்... டிராஃபிக்கில் நின்றால் என்ன ஆகிறது? 200 டிகிரியில் இருக்கும் சிக்கல்!

சிக்னலில் நிற்கும் புது டீசல் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கை நிறுத்தினால், முன்பு மாதிரி முகத்தில் கரி அடிப்பதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க அமலான பிஎஸ்-6 விதியின் பலன் இது. கரியோடு சேர்த்து நைட்ரஜன் ஆக்சைடுக்கும் அப்போதே கடிவாளம் போடப்பட்டது. கனரக டீசல் இன்ஜினுக்கு, ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் என்றிருந்த வரம்பு 0.46 கிராமாகக் குறைந்தது.

கரி கண்ணுக்குத் தெரியும். நைட்ரஜன் ஆக்சைடு அப்படி இல்லை. மூச்சுக்குழாயை நேரடியாகப் பாதிக்கும் இந்த வாயு, வெயில் பட்டால் தரைமட்ட ஓசோன் உருவாகவும் காரணமாகிறது. காற்றில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து நுண்துகளாகவும் மாறுகிறது. இதை அடக்கும் கருவி, சூடாக இருந்தால்தான் வேலை செய்யும் என்பதுதான் பிரச்னையே.

லாரிக்காரர்கள் பக்கெட்டில் வாங்குவது என்ன?

பெட்ரோல் பங்க்குகளில் 'டெஃப்', 'ஆட்புளூ' என்ற பெயர்களில் விற்கும் திரவத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். வயலுக்குப் போடுகிற யூரியாதான், ஆனால் ரொம்பச் சுத்தமானது. சூடான புகைக்குழாயில் தெளித்ததும் இது அம்மோனியாவாகப் பிரிகிறது. அந்த அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் வினையூக்கியின் மேல் சந்தித்து, வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் வெளியே போகின்றன.

இந்தத் தொழில்நுட்பம் பஸ்ஸுக்காகப் பிறந்தது இல்லை. 1970-களில் ஜப்பானின் அனல் மின் நிலையங்களில் வளர்ந்தது. டைட்டானியம் ஆக்சைடின் மேல் வனேடியம், டங்ஸ்டன் ஆக்சைடுகளைப் பூசிய வினையூக்கி, 300 முதல் 400 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்யும். மின் நிலையத்தில் அந்தச் சூடு பெரும்பாலும் மாறாமல் கிடைக்கும். பைபாஸில் லோடு ஏற்றிக்கொண்டு போகும் லாரிக்கும் ஓரளவு கிடைக்கும்.

டவுன் பஸ்ஸுக்கு? நின்று நின்று ஊர்ந்து போகும்போது புகையின் சூடு 200 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது யூரியாவைத் தெளித்தால் அது சரியாகப் பிரியாமல், குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் வண்டியின் கம்ப்யூட்டரே தெளிப்பதைக் குறைக்கிறது, அல்லது நிறுத்திவிடுகிறது. பிஎஸ்-6 வண்டிகளில் பரவலாக இருக்கும் செம்பு கலந்த ஜியோலைட் வினையூக்கி, வனேடியத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். ஆனாலும் 200-ஐ நெருங்கியாக வேண்டும்.

நிற்கும்போது இன்ஜின் உண்டாக்கும் வாயுவே குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறைந்த அளவு அப்படியே வெளியே வருகிறது, அதுவும் ஆள் கூட்டம் இருக்கிற பஸ் ஸ்டாப்பில்.

மாங்கனீசு கைகொடுக்குமா?

100 முதல் 200 டிகிரியிலேயே வேலை செய்யும் வினையூக்கியைத் தேடுபவர்கள் முதலில் கை வைப்பது மாங்கனீசு ஆக்சைடில். மாங்கனீசு அணு எலக்ட்ரானைச் சுலபமாகக் கொடுக்கும், சுலபமாக வாங்கும். கூடவே சீரியம் ஆக்சைடைச் சேர்த்தால், அது ஆக்சிஜனைச் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது கொடுக்கும். ஆய்வகத்தில் இந்த ஜோடி அசத்துகிறது.

அப்போ ஏன் இன்னும் பஸ்ஸில் வரவில்லை? முதல் வில்லன் கந்தகம். எரிபொருளிலிருந்து வரும் சல்ஃபர் டை ஆக்சைடு, மாங்கனீசைப் பிடித்து சல்ஃபேட்டாக மாற்றிவிடும். அதோடு அந்த இடம் செத்தது மாதிரி. அம்மோனியாவோடு சேர்ந்தால் பிசுபிசுப்பான உப்பாகித் துளைகளை அடைக்கும். குறைந்த சூட்டில் அது ஆவியாகிப் போவதும் இல்லை. பிஎஸ்-4 காலத்தில் டீசலில் 10 லட்சத்துக்கு 50 பங்கு வரை இருந்த கந்தகம், பிஎஸ்-6 டீசலில் 10 பங்காகக் குறைந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் மாதக்கணக்கில் ஓடும் வண்டியில் அந்தப் பத்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

அடுத்தது புகையிலேயே இருக்கும் நீராவி. அது அம்மோனியா உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கரி வடிகட்டியைச் சுத்தம் செய்ய வண்டி தானாகவே புகையை 550 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது, அதே வினையூக்கி அதையும் தாங்க வேண்டும். இன்னொன்று, மாங்கனீசு சில நேரம் அவசரப்பட்டு நைட்ரஸ் ஆக்சைடை உண்டாக்கிவிடும். கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. ஒரு மாசை அடக்கப் போய் இன்னொன்றை அவிழ்த்துவிட்ட கதைதான்.

புகைச் சான்றிதழ் இருக்கே?

இருக்கு. ஆனால் டீசல் வண்டிக்கு அந்தச் சோதனை அளப்பது புகையின் அடர்த்தியை மட்டும். யூரியாவே தெளிக்காமல் ஓடும் வண்டிகூட அதில் பாஸ் ஆகிவிட முடியும். புது வினையூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் அரசு உடனே கை வைக்கக்கூடிய இடம் இதுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் நிறைவேற்றிய யூரோ-7 விதி, கனரக வண்டிகளின் வரம்பை 0.46-லிருந்து 0.2 கிராமாகக் குறைக்கிறது. புது மாடல்களுக்கு 2028-ல் அமல். அதற்காக நிறுவனங்கள் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இரண்டாவது வினையூக்கி வைப்பது, மின்சார ஹீட்டரால் புகையைச் சூடாக்குவது என்று வேறு வழிகளில் போகின்றன. ஹீட்டருக்கான மின்சாரமும் கடைசியில் டீசலில் இருந்துதான் வர வேண்டும்.