ஆமைக்கு எதற்குப் பிளாஸ்டிக் பனை?

இந்த வாரம் என் எரிச்சலைக் கிளப்பியது ஒரு பனைமரம். நாலு விரற்கடை உயரம், பச்சைப் பிளாஸ்டிக்கில் ஓலை, பழுப்புப் பிளாஸ்டிக்கில் தண்டு, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள அடியில் ஒரு ரப்பர் குமிழ். கலர்மீன் கடைகளில் ஆமைத் தொட்டிக்கென்றே விற்கிற சாமான். கூடவே மிதக்கும் மேடை, சறுக்குப் பலகை, உள்ளே மணி குலுங்கும் பந்து. வளர்க்கிற ஆமைக்குப் பொழுது போக வேண்டும், அது சோர்ந்துவிடக் கூடாது என்பது விற்பவர் சொல்லும் நியாயம். அந்த நியாயத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆமைக்கும் பொழுது போக வேண்டும் என்று நானே சாட்சி சொல்லப் போகிறேன். ஆனால் ஊருக்கு நாலு பக்கமும் நிஜப் பனை நிற்கிற சிவகங்கைச் சீமையில், பனையையே பார்த்திராதவன் செய்த பனையைக் காசு கொடுத்து வாங்குவது எந்த ஊர் வழக்கம்? அது அமெரிக்க வழக்கம். போன நூற்றாண்டின் நடுவில் அங்கே சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகளை, நடுவில் பிளாஸ்டிக் பனை நட்ட கிண்ணத்தோடு சேர்த்துச் சில்லறைக் காசுக்குப் பிள்ளைகளுக்கு விற்றார்கள். ஆமை மூலம் சால்மொனெல்லா கிருமி பிள்ளைகளின் வயிற்றுக்குப் போனது. 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசு தடை போட்டது. குஞ்சு வியாபாரம் அடங்கியும் மரம் தப்பித்து நம் ஊர்த் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பொம்மை வாங்குமுன் ஆமை எது என்று கேட்டாக வேண்டும். ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரிந்த நட்சத்திர ஆமை என்றால் பேச்சே இல்லை. அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது; 2022-இல் வந்த திருத்தம் அதை முதல் அட்டவணைக்கே ஏற்றிவிட்டது. 2019-இல் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த மாநாடும் அதன் பன்னாட்டு வியாபாரத்துக்குக் கதவடைத்தது. வீட்டில் வைத்திருந்து பிடிபட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ‘அதிர்ஷ்டத்துக்காக வைத்திருந்தேன்’ என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பேசிய ஜனங்கள் இப்போது பித்தளை ஆமையைத் தண்ணீர்த் தட்டில் வைத்து வடக்கே பார்க்க விடுகிறார்கள். தாராளமாக வைக்கட்டும். பித்தளை ஆமைக்குப் பசிக்காது, அலுக்காது, வனத்துறையும் அதைத் தேடி வராது. ஆக, கடைக்காரர் பொம்மை விற்க நினைப்பது பெரும்பாலும் அந்தச் சிவப்புக் காது ஆமைக்குத்தான். குஞ்சாக வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். பெட்டை வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வரும். இருபது முப்பது ஆண்டு இருக்கும். வாங்கிக் கொடுத்த பிள்ளை கல்யாணமாகிப் போன பிறகும் அது தொட்டியிலேயே கிடக்கும்.

இனி, ஆமைக்கு விளையாட்டு என்று ஒன்று உண்டா என்ற கேள்வி. ஐந்தையும் உள்ளிழுத்துக்கொள்வதற்கு வள்ளுவரே ஆமையைத்தான் உவமை காட்டினார். கல் மாதிரி கிடக்கிற பிராணிக்குப் பந்து எதற்கு, இதெல்லாம் மனிதர்கள் தங்கள் ஆசையை அதன் முதுகில் ஏற்றுவது என்பார்கள். இந்த ஆட்சேபத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. கார்டன் பர்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் தள்ளவில்லை. 2005-இல் வெளிவந்த அவருடைய ‘விலங்கு விளையாட்டின் தோற்றம்’ என்ற தடித்த நூல் எனக்குப் பிடித்ததே இதனால்தான். விலங்கு துள்ளினால் உடனே விளையாட்டு என்று கைதட்டாமல், ஐந்து நிபந்தனை போடுகிறார். அந்தச் செயலால் அப்போதைக்கு உயிர் பிழைக்கும் காரியம் எதுவும் முழுசாக நடக்கக் கூடாது. யாரும் தூண்டாமல் தானாக, அதிலேயே சுகம் கண்டு செய்ய வேண்டும். இரை பிடிப்பது, சண்டை போடுவது போன்ற நிஜக் காரியத்திலிருந்து அது வேறுபட்டுத் தெரிய வேண்டும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பசியும் பயமும் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும். இவ்வளவும் தேறினால்தான் விளையாட்டு. தேறிய ஆமை ஒன்று வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிச் சாலையில் இருந்தது. நைல் நதிப் பக்கத்து மென்னோட்டு ஆமை; பன்றிமூஞ்சி என்பது காப்பாளர்கள் வைத்த பெயர். அரை நூற்றாண்டு தொட்டி வாழ்க்கை. தன் கழுத்தைத் தானே நகத்தால் கீறிக்கொண்டு, முன்னங்கால்களைக் கடித்துக்கொண்டு, புண் சீழ் பிடிக்கக் கிடந்தது. தொட்டிக்குள் பந்தும் குச்சியும் வளையமும் போட்டார்கள். பந்தை மூக்கால் முட்டித் தள்ளியது. வளையத்துக்குள் புகுந்து புகுந்து வந்தது. தண்ணீர் நிரப்பும் குழாயைக் கவ்விக்கொண்டு காப்பாளரோடு இழுபறி நடத்தியது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது வெகுவாகக் குறைந்தது. பர்கார்டும் கூட்டாளிகளும் 1996-இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். ஆமைக்கு நினைவு மட்டம் என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: பயிற்சி கொடுத்த ராட்சத ஆமைகள் ஒன்பது ஆண்டு கழித்தும் பாடத்தை மறக்கவில்லை என்று வியன்னா விலங்குச்சாலையில் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பந்து வாங்குவதில் என்ன தப்பு? தப்பில்லை. ஆனால் பன்றிமூஞ்சியின் கதையிலிருந்து பந்தை மட்டும் பொறுக்கிக்கொள்வதுதான் கடைக்காரரின் சாமர்த்தியம். ஊர்வனவற்றில் விளையாட்டு அரிதாகத் தெரிவதற்குப் பர்கார்ட் காட்டும் காரணமே வேறு. இவற்றின் உடம்புக்கு உள்சூடு கிடையாது. வெளியிலிருந்து சூடு ஏறினால்தான் சுறுசுறுப்பு வரும். வயிறு நிறைந்து, சூடு ஏறி, மிச்சச் சக்தி இருந்தால்தான் விளையாடத் தோன்றும். தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்குவதால் நீராமைக்கு அது கொஞ்சம் எளிது. கூடத்து மூலையில் இருக்கும் தொட்டியில் சூடு எங்கிருந்து வரும்? ஜன்னலோரம் வைத்திருக்கிறோமே என்றால், கண்ணாடி வெளிச்சத்தை விடுமே ஒழிய, ஓடு கெட்டிப்பட வேண்டிய புற ஊதாக் கதிரை விடாது. ஓடு மெத்தென்று போன ஆமைக்கு முன்னால் மணிப்பந்தை உருட்டுவது, காய்ச்சலில் படுத்த பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் பம்பரம் விடுவது மாதிரி. செட்டிநாட்டு வீட்டில் வளவு முற்றம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? அங்கே ஒரு அகலத் தொட்டி, பாதி வெயில் பாதி நிழல், ஏறி உட்கார ஒரு செங்கல் சரிவு. தொண்டிக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவி மிதக்க விட்டால் கொறித்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புச் சத்துக்குச் சத்தும் ஆச்சு, அலகு தேயவும் ஆச்சு. கூழாங்கல் போடுவதானால் அதன் தலையைவிடப் பெரிதாகப் போடுங்கள், சின்னக் கல்லை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு கூடை மண். ஆண் துணையே இல்லாமலும் பெட்டை ஆமை முட்டை வைக்கும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு உலையாகும். எந்தப் பொம்மைக் கடையிலும் மண் விற்பதில்லை.

மண் என்று எழுதியதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் சிரித்திருப்பார்கள். எங்கே புறப்பட்டாலும் இவன் கடைசியில் ஊருணிக் கரையில்தான் வந்து நிற்பான் என்று. நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. பன்றிமூஞ்சிக்கு நம் ஊரில் பங்காளி உண்டு. கண்மாய்களிலும் ஊருணிகளிலும் கிடக்கிற பாலாமை அதே மென்னோட்டுக் குடும்பம். பின்னங்கால்களை உள்ளே இழுத்ததும் அடியோட்டிலிருந்து இரண்டு தோல் மடிப்பு கதவு மாதிரி மூடிக்கொள்ளும். நத்தை, தவளை, செத்த மீன், பாசி எல்லாம் தின்று தண்ணீரைத் துப்புரவாக வைத்திருக்கும். கோடையில் ஊருணி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மாதக்கணக்கில் கிடக்கும். மழை வந்ததும் எழுந்து வரும். இதற்கு யாரும் பந்து வாங்கிப் போட்டதில்லை. தோண்டச் சேறு, முட்டையிடக் கரை மண், வெயில் காய ஒரு சரிவு, தேடிப் பிடிக்க இரை, நீர் வற்றும்போது அடுத்த கண்மாய்க்கு நடந்து போக வரத்துக்கால். ஒரு விலங்குக்காட்சிச் சாலை பந்தும் வளையமும் வாங்கிப் போட்டுத் திரும்பக் கொடுக்கப் பார்த்தது இதில் ஒரு துண்டைத்தான். அந்த மொத்தத்தையும் நாம் இப்போது ‘அழகுபடுத்தும் பணி’ என்ற பெயரில் அழித்துக்கொண்டிருக்கிறோம். நாலு பக்கமும் நேர்குத்தாகக் கான்கிரீட் சுவர், சில இடங்களில் தரைக்கும் சிமெண்டு, மேலே சதுரக்கல் பதித்த நடைபாதை, கம்பி வேலி, ராத்திரியில் நிறம் மாறும் விளக்கு. ஆமை ஏற முடியாத சுவர், தோண்ட முடியாத தரை. ஆமையைத் தொட்டிக்குள் போட்டது போதாதென்று ஊருணியையே தொட்டியாக்கிவிடுகிறோம். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. வருகிறவர்கள் ஆத்தங்குடிக் கல்லையும் தேக்கு நிலைக்கதவையும் படம் பிடிக்கிறார்கள். அந்த வீடுகளின் தண்ணீர் எங்கே போய்த் தேங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதுதான். நகரத்தார் கட்டிய ஊருணிகளுக்கே செம்புராங்கல் சுவர் இருந்ததே, அப்போது செத்துப்போகாத ஆமையா இப்போது சாகப் போகிறது என்பார்கள். சுவர் இருந்தது உண்மை. ஆனால் அது படிபடியாக இறங்கிய சுவர். வெள்ளம் வந்து சேரும் வரத்துக்கால் பக்கம் மண்ணாகத் திறந்து கிடந்தது. தரையில் வண்டல் இருந்தது. கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் இல்லை சண்டை, படிக்கும் செங்குத்துக்கும்தான். கிணற்றில் ஆமை விட்டு வைத்தோமே, அது வாழவில்லையா என்று இன்னொரு கேள்வி வரும். வாழ்ந்தது, ஆயுள்கைதியாக. வெயில் படாது, முட்டையிடக் கரை இல்லை. தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நம் வசதிக்காகச் செய்த காரியம் அது, பழைய வழக்கம் என்பதற்காக நான் அதைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

ஒரு ஆமைக்காக ஊர் தன் வசதியை விட்டுக்கொடுக்குமா என்று கேட்பவர்கள் திருப்பத்தூர்ப் பக்கம் போய்ப் பார்க்கலாம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள், கூடு கட்ட வந்த பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கொக்குக்கும் நாரைக்கும் வெடியையே விட்டவர்கள் இருக்கிற மாவட்டம் இது. ஆமைக்குக் கேட்பது அவ்வளவு கூட இல்லை. ஊருணியின் ஒரு பக்கத்தை, வரத்துக்கால் பக்கத்தை, சரிவான மண்ணாக விட வேண்டும். தரைக்குச் சிமெண்டு பூசக் கூடாது. பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள் என்றால், சரிவிலிருந்து ஏறி வரலாம், செங்குத்துச் சுவரிலிருந்து ஏற முடியாது. ஆபத்து எதில் அதிகம் என்பதை நீச்சல் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இதைப் படித்துவிட்டு மனம் இளகி, வீட்டுத் தொட்டியில் இருக்கும் சிவப்புக் காது ஆமையை ஊருணியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். உலகின் மிக மோசமான நூறு அந்நிய உயிரினங்கள் என்ற பட்டியலில் அது இருக்கிறது. நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் வாய்க்காலில் அதைக் கண்ட பிறகு, அங்கே வன ஆராய்ச்சி நிறுவனமே ஜனங்களிடமிருந்து வாங்கி வைக்க வேண்டிய நிலை வந்தது. வாங்கியவர் அதன் ஆயுள் முடிய வைத்துக் காப்பாற்றத்தான் வேண்டும், முற்றத்து வெயிலோடும் ஒரு கூடை மண்ணோடும். ஊருணிக்கு அந்த மண் இலவசம். ஒரு பக்கத்துச் சுவர் மிச்சமானால் மதிப்பீட்டில் கம்பியும் சிமெண்டும் ஜல்லியும் கணிசமாகக் குறையும். இந்த யோசனைக்கு முதல் எதிர்ப்பு அங்கேயிருந்துதான் கிளம்பும்.